இழுப்பறையில் கிடைத்த பைப்: கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர் விட்டுப்போன புகைபிடிக்கும் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் அனுப்பிய கேள்விகள் இவை. குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். புகையிலை அடைக்கும் பகுதியைக் கிண்ணம் என்கிறேன். அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு, வாயில் வைப்பது வாய்க்குழல்.

கேள்வி: தாத்தாவின் பைப்பில் ‘ப்ரூயெர் கரான்டி’ என்று பொறித்திருக்கிறது. இது எந்த ஊர் கம்பெனி?

அது கம்பெனியே இல்லை. பிரெஞ்சில் ‘உத்தரவாதமான பிரையர்’ என்று பொருள். சட்டைக் காலரில் ‘சுத்தப் பருத்தி’ என்று போட்டிருப்பது போலத்தான். பிரையர் என்பது மத்தியதரைக் கடல் ஓரங்களில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதரின் வேர்முடிச்சு. சீக்கிரம் தீப்பற்றாது, சூட்டைத் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சான்-க்ளோடில் இந்தத் தொழில் வேரூன்றியது. ‘ரியல் பிரையர்’, ‘லண்டன் மேட்’ என்பவையும் இதே ரகம்தான், செய்தவர் பெயர் அல்ல. தண்டின் மறுபக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சில நேரம் மூன்றெழுத்து மட்டும் இருக்கும். ‘ஜிபிடி’ (GBD) என்றால் 1850இல் பாரிஸில் கூட்டாகத் தொடங்கிய கன்வால், போன்டியே, டோனின்கர் ஆகியோரின் முதலெழுத்துகள்.

கேள்வி: எழுத்துகள் மங்கிவிட்டன. லேசாகத் தேய்த்தால் தெளிவாகுமா?

ஐயோ, தேய்க்காதீர்கள். முத்திரை என்பது மரத்தில் அழுந்திய பள்ளம். மேலே தேய்த்தால் பள்ளத்தின் ஆழம்தான் குறையும். என் பெரியப்பாவின் பைப்பை இருபது வருடங்களுக்கு முன் உப்புத்தாளால் பளபளவென்று ஆக்கினேன். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். அது யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தண்டோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து ஒளி வீசச் செய்யுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாத இடத்தில் எழுத்துகளின் விளிம்புகள் நிழலோடு எழும்பும். தண்டை மெல்ல உருட்டிக்கொண்டே பாருங்கள். ஒரு கோணத்தில் ‘எம்’ தெரியும், இன்னொரு கோணத்தில்தான் அதற்கடுத்த எழுத்து வரும். போன் கேமராவில் பல கோணத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். துணியெல்லாம் அப்புறம்.

கேள்வி: வாய்க்குழலில் ஒரு வெள்ளைப் புள்ளி. டன்ஹில்தானே? எந்த வருடம்?

புள்ளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, மற்றவர்களும் புள்ளி வைத்தார்கள். சசியெனி என்ற இன்னொரு நிறுவனத்தின் பைப்புகளில் வெளிர்நீலப் புள்ளிகள் நான்கு இருக்கும். டன்ஹில் என்ற லண்டன் நிறுவனத்தின் புள்ளி வந்த கதையே எளிது: கையால் செய்த வாய்க்குழலில் மேல்பக்கம் எது, கீழ்பக்கம் எது என்று தெரிய ஓர் அடையாளம். தண்டில் டன்ஹில் பெயர் இருந்தால், ‘மேட் இன் இங்கிலாந்து’ என்பதன் கடைசி எழுத்தை ஒட்டிச் சின்ன எண் ஒன்று இருக்கிறதா பாருங்கள், ஆண்டுக் குறிப்பு அதுதான். ஆனால் ஒரே எண் வெவ்வேறு பத்தாண்டுகளில் திரும்பவும் வரும். 5 என்று இருந்தால் 1925ஆகவும் இருக்கலாம், 1955ஆகவும் இருக்கலாம். காப்புரிமை எண் முதலான மற்ற முத்திரைகளோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பீட்டர்சன் பைப்பின் உலோக வளையத்தில் மூன்று சின்னப் படங்கள். வெள்ளி முத்திரையா?

பீட்டர்சன் ஓர் அயர்லாந்து நிறுவனம். மூவிலை, நாய், கோபுரம் என்றால் அவை அந்த நிறுவனம் தானே போட்டுக்கொண்ட அலங்காரம். நிக்கல் வளையத்திலும் வரும். அயர்லாந்தின் உண்மையான வெள்ளி முத்திரையில் முடிசூடிய யாழ் இருக்கும், கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம், பர்மிங்காம் என்றால் நங்கூரம். ‘இபி’ (EP) என்று இருந்தால் வெறும் வெள்ளி முலாம். பீட்டர்சனுக்கு இன்னொரு நல்ல தடயம் நாட்டின் பெயர். ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்ற நாடு 1922 முதல் 1937 வரைதான் இருந்தது. ‘ரிபப்ளிக்’ என்றால் 1949க்குப் பிறகு.

கேள்வி: வாய்க்குழல் கழலவே மாட்டேன் என்கிறது.

பைப்பை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு கிண்ணத்தைப் பிடிக்காமல் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் மெதுவாகத் திருகுங்கள். அசையவில்லையா, இன்னொரு முறை வையுங்கள். அவசரப்பட்டால் தண்டு வெடிக்கும்.

கேள்வி: அதே வாய்க்குழல் பச்சையும் பழுப்புமாக இருக்கிறது, கந்தக வாடை வேறு.

அது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு மேல்தோல் சிதைகிறது. பிளீச்சில் ஊறப்போடு என்று சிலர் சொல்வார்கள். நிறம் போகும், கூடவே மேற்பரப்பு பொரிந்து குழிவிழும். 400ஆம் எண் தொடங்கி 2000ஆம் எண் வரை (எண் கூடக்கூடத் தாள் மென்மை) தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நீர்த்தாள் போதும். தண்ணீர் பழுப்பாக வழியும்வரை அதே தாளில் இருங்கள், நிறம் நின்ற பிறகு அடுத்ததற்குப் போங்கள். தண்டின் முத்திரைமேல் டேப் ஒட்டிவிட்டு, வாய்க்குழலைத் தண்டில் மாட்டியபடியே தேய்ப்பது நல்லது. தனியாகத் தேய்த்தால் சேரும் இடத்தில் ஓரம் மழுங்கி, மாட்டும்போது ஒரு கோடு போல இடைவெளி தெரியும்.

கேள்வி: கிண்ணத்துக்குள் கரி அடைத்து விரல்கூட நுழையவில்லை. முழுவதும் சுரண்டிவிடலாமா?

முழுவதும் வேண்டாம். 1 மில்லிமீட்டர் அளவு கரி மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். அதற்கு மேல் போனால் சூட்டில் கரியும் மரமும் ஒரே அளவில் விரிவதில்லை, கிண்ணம் பிளந்துவிடும். முனை மழுங்கிய கத்தியால் சிறிது சிறிதாக எடுங்கள். பிறகு பஞ்சை அடைத்து, அதில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரவு முழுக்க வைத்தால், காலையில் பஞ்சு காப்பிக் கறைபோல வரும். அந்தப் பழைய வாடையில் பாதி போயிருக்கும். இரண்டு மூன்று தடவை செய்யலாம். ஆல்கஹால் வெளிப்புறம் வழிந்தால் பூச்சைக் கரைத்துவிடும்.

கேள்வி: தண்ணீரில் ஊறவைக்கலாமா?

வேண்டாம்.

கேள்வி: பாட்டனார் வைத்திருந்த வெள்ளைப் பைப், செதுக்கிய முகம் உடையது, இப்போது தேன் நிறமாகிவிட்டது. வெளுக்க வழி உண்டா?

அது மீர்ஷாம். செபியோலைட் என்ற இலேசான கனிமம், துருக்கியின் எஸ்கிசெகிரில் தோண்டி எடுப்பது. மெழுகும் புகையிலைச் சாறும் பல வருடங்களில் ஊறித்தான் அந்த நிறம் வரும். அதற்காகவே ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் வெளுக்கக் கேட்கிறீர்கள்! உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். வாய்க்குழல் அம்பர் என்ற பழங்கால மரப்பிசினால் ஆனதாக இருந்தால் ஆல்கஹாலை அருகில் கொண்டுபோக வேண்டாம். உள்ளே எலும்புத் திருகு இருக்கலாம், இறுக்கித் திருகினால் முறியும்.

கேள்வி: அப்பாவின் பல் பதிந்த தடம் வாய்க்குழலில் இருக்கிறது. எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். எபோனைட்டுக்கு ஒரு குணம் உண்டு. லைட்டர் சுடரை மேலே வேகமாகப் போக்கு வரவாகக் காட்டினால், அழுந்திய இடம் தானாகவே பழைய உயரத்துக்கு எழும்பிவிடும். ஆழமான தடம் என்றால் கரித்தூளும் சூப்பர் குளூவும் கலந்து நிரப்பித் தேய்க்கலாம்.

ஆனால் நானாக இருந்தால் விட்டுவிடுவேன். புகைக்கத்தான் வேண்டுமென்றால் வேறொரு வாய்க்குழல் பொருத்திக்கொள்ளுங்கள். அந்தப் பழையதைத் துணியில் சுற்றி இருட்டில் வையுங்கள். தடம் இடப்பக்கம் ஆழமாக இருக்கிறதா, வலப்பக்கமா என்று பாருங்கள். அவர் எந்தப் பக்கமாகக் கடித்துக்கொண்டு பேப்பர் படித்தார் என்பது தெரிந்துவிடும்.