ஹாம்பர்க் விலை பேசிய தீவுகள்: மாற்று வரலாறு கேள்வி பதில்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மானியர்கள் கடல் கடந்து காலனி அமைக்கப் பார்த்த முயற்சிகள் பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நாவல் எழுதும் நண்பர்: ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க்குக்கு முன்பே ஜெர்மானியருக்குக் காலனி இருந்ததாக எழுதப் போகிறேன். வரலாற்றை எந்த இடத்தில் திருப்பலாம்?

1841 செப்டம்பரில் திருப்புங்கள். நியூசிலாந்துக்குக் கிழக்கே சுமார் 800 கி.மீ. தொலைவில் சாத்தம் தீவுகள் இருக்கின்றன. நியூசிலாந்தில் ஆட்களைக் குடியேற்றிவந்த, லண்டனில் இருந்த நியூசிலாந்து கம்பெனி அவற்றை விற்க முன்வந்தது. ஹாம்பர்க் நகர அரசின் வெளியுறவைக் கவனித்த கார்ல் சீவெகிங் வாங்க முன்வந்தார். விலை 10,000 பவுண்டு. ஒப்பந்தம் கையெழுத்தே ஆகிவிட்டது. சீவெகிங்கை வெறும் கனவு காண்பவர் என்று ஒதுக்க முடியாது. 1827இல் ரியோ டி ஜெனிரோ வரை போய், பிரேசிலோடு வணிக உடன்படிக்கை முடித்து வந்தவர் அவர்.

தடுத்தது பிரிட்டிஷ் அரசு. அந்தத் தீவுகளை அயல்நாட்டுக்கு விற்கக் கம்பெனிக்கு உரிமை கிடையாது என்று சொல்லி, 1842 ஏப்ரலில் அரச ஆணை மூலம் அவற்றை நியூசிலாந்துக் காலனியோடு சேர்த்துக்கொண்டது. அடுத்த மாதமே ஹாம்பர்க்கில் பெருந்தீ. நான்கு நாள் எரிந்ததில் பழைய நகரின் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். லண்டன் சும்மா இருந்திருந்தாலும், வீடிழந்த நகரம் பசிபிக்குக்குப் பணம் அனுப்பியிருக்குமா என்பதை உங்கள் நாவல் சொல்லியாக வேண்டும்.

சேலம் வாசகர்: பிரிட்டன் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அந்தக் காலனி நிலைத்திருக்குமா?

1848ஐத் தாண்டியிருக்காது என்பதே என் கணிப்பு. டென்மார்க்கை ஒட்டிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதி யாருக்கு என்ற தகராறு அந்த ஆண்டு போராக வெடித்தது. டென்மார்க்கின் போர்க்கப்பல்கள் ஜெர்மன் துறைமுகங்களை அடைத்துவிட்டன. டென்மார்க் சின்ன நாடுதான். ஆனால் அதனிடம் கடற்படை இருந்தது, ஜெர்மன் அரசுகள் சேர்ந்திருந்த ஜெர்மன் கூட்டமைப்பிடம் இல்லை. ஜெர்மானியர் எல்லோருக்குமாகக் கூடிய பிராங்பர்ட் நாடாளுமன்றம் 1848 ஜூனில் அவசர அவசரமாகப் பணம் ஒதுக்கி ஒரு கடற்படையை உருவாக்கியது. சில வருடங்களிலேயே அந்தக் கப்பல்கள் ஏலத்துக்குப் போயின.

சொந்த ஆற்றின் முகத்துவாரத்தையே காக்க முடியாத நகரம் உலகின் மறுகோடியில் இருக்கும் தீவை எப்படிக் காக்கும்? மாவும் மருந்தும் வெலிங்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோதான் வந்தாக வேண்டும். கொடி ஹாம்பர்க்கினுடையதாக இருந்தாலும் உயிர் பிரிட்டனின் கையில். ஜெர்மன் காலனி நிலைக்க வேண்டுமானால் முதலில் ஜெர்மன் கடற்படை வேண்டும். மாற்று வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான்.

கல்லூரி மாணவி: தீவில் ஏற்கெனவே யார் இருந்தார்கள்? யாரும் அதைப் பேசுவதில்லையே?

நல்ல கேள்வி அம்மா. எனக்கு மனம் வலிப்பதும் இங்கேதான். அங்கே இருந்தவர்கள் மோரியோரி மக்கள். 1835இல் நியூசிலாந்தின் தரனாகியைச் சேர்ந்த மாவோரிக் குழுவினர் சுமார் 900 பேர் ஒரு பிரிட்டிஷ் கப்பலில் இரண்டு நடையாக வந்து இறங்கினார்கள். என்ன செய்வது என்று மோரியோரிகள் தே அவாபாட்டிகி என்ற இடத்தில் கூடிப் பேசினார்கள். இளைஞர்கள் எதிர்த்து நிற்கலாம் என்றார்கள். கொலை கூடாது என்ற முன்னோர் நுனுக்குவின் கட்டளையை மீறக்கூடாது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். பிறகு நடந்தது படுகொலையும் அடிமைத்தனமும். ஆயிரத்து அறுநூறு பேர் அளவில் இருந்தவர்கள், 1870 வாக்கில் நூறு பேர் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள்.

ஹாம்பர்க் ஆட்சி இவர்களைக் காப்பாற்றியிருக்குமா? பிரிட்டிஷ் கொடி ஏறிய பின்னும் 1860கள் வரை அடிமை நிலை நீடித்தது. படையில்லாத ஒரு நகர அரசு அதைவிட அதிகம் செய்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. நிஜத்தில் 1843இல் பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த ஐந்து ஜெர்மானியர்கள் அங்கே போனார்கள். அவர்களில் எங்ஸ்ட் என்பவரின் கல்வீடு தீவின் மௌங்கனுயி என்ற இடத்தில் இன்றும் இருக்கிறது. இன்னொருவரின் மகன் வில்லியம் பாக்கே தீவிலேயே பிறந்து, மோரியோரிகளின் வழக்கங்களைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். நாவலில் அந்த வீட்டுக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள்.

மதுரை வாசகர்: ஹவாயில் கோட்டை கட்டிய ஜெர்மன் டாக்டர்?

கியோர்க் அன்டன் ஷேஃபர். அவர் கட்டியது ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி என்ற ரஷ்ய வணிக நிறுவனத்துக்காக. 1816இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய் தீவின் மன்னர் கௌமுவாலியியை ரஷ்யாவின் பாதுகாப்பை ஏற்க வைத்தார். மறுவருடமே துரத்தப்பட்டார். பிறகு பிரேசில் பேரரசருக்காக ஜெர்மானியரைத் திரட்டி அனுப்பினார். ரஷ்யா ஆதரித்திருந்தாலும் ஹவாய் ரஷ்யாவுக்குத்தான் போயிருக்கும்.

இன்னொரு நண்பர்: டெக்ஸாஸ்?

1842இல் ஜெர்மன் பிரபுக்கள் கூடி, டெக்ஸாஸில் ஜெர்மானியரைக் குடியேற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். இளவரசர் கார்ல் சோல்ம்ஸ்-பிரவுன்ஃபெல்ஸ் 1845 மார்ச்சில் நியூ பிரவுன்ஃபெல்ஸ் ஊரை நிறுவினார். அந்த வருடக் கடைசியில் டெக்ஸாஸ் அமெரிக்காவோடு இணைந்துவிட்டது. அடுத்து மெக்சிகோ போர் வந்ததும் வண்டிகளையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொள்ள, வந்திறங்கிய குடும்பங்கள் இண்டியனோலா கடற்கரையிலேயே சிக்கி நூற்றுக்கணக்கில் நோயால் மடிந்தன. டெக்ஸாஸ் தனிநாடாகவே இருந்திருந்தால் அங்கே ஜெர்மானியரின் குரல் பலமாக ஒலித்திருக்கும், அவ்வளவுதான். 1847இல் அங்கிருந்த பூர்வகுடிகளான கொமான்சேக்களோடு, சோல்ம்ஸுக்குப் பின் சங்கத்தின் பொறுப்பேற்ற மொய்சபாக் செய்துகொண்ட உடன்படிக்கைதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. பிரபுக்களின் திட்டத்தைவிட உருப்படியான வேலை அது.

நாகப்பட்டினம் வாசகர்: டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஜெர்மானியருக்கு விற்றிருந்தால்?

சீகன்பால்கு 1706இல் வந்ததிலிருந்து அங்கே ஜெர்மானிய மிஷனரிகள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் 1845இல் சுற்றிலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. வேறு யாரும் வாங்குவதைக் கல்கத்தா பார்த்துக்கொண்டு இருந்திருக்காது. வங்காளத்தில் டேனிஷ்காரர்கள் வைத்திருந்த செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரே அதை வாங்கிக்கொண்டார்கள்.