அது உரிந்த வண்ணம் இல்லை

வணக்கம் நண்பரே. ஸ்பெயினின் வயடோலிட் சிற்ப அருங்காட்சியகத்தில், அலோன்சோ பெருகெட்டே செதுக்கிய புனிதரின் அங்கியில் தங்கம் கீற்றுக் கீற்றாகத் தெரிவதைப் பார்த்து, வண்ணம் உரிந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, வேண்டுமென்றே சுரண்டியது. 'எஸ்தோஃபாதோ' என்பார்கள். மரத்தில் வெள்ளைப் பூச்சு, மேலே செங்களிமண், அதன்மேல் தங்கத்தாள் ஒட்டி மினுங்கத் தேய்ப்பார்கள். அத்தனை தங்கத்தையும் முட்டைக்கரு கலந்த வண்ணத்தால் மூடிவிட்டு, காய்ந்ததும் கூர்முனைக் குச்சியால் கோடுகோடாகக் கீறுவார்கள். மறைந்த தங்கம் அப்போதுதான் எட்டிப் பார்க்கும்! முகத்துக்கும் கைக்கும் எண்ணெய் வண்ணம்தான்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் சீரான இடைவெளியில் ஓடினால் கைவேலை. உரிந்ததென்றால் விளிம்பு திட்டுத்திட்டாக இருக்கும், அடியிலுள்ள செம்மண்ணோ வெள்ளையோகூடத் தெரியலாம். சான் பெனிட்டோ மடாலயத்துக்காக 1526-இல் பெருகெட்டேயுடன் ஒப்பந்தமான பலிபீடத்தின் சிற்பங்களும் அந்த அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. மறுமுறை போனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று பாருங்கள்.