பச்சைச் சஹாராவும் கணினி மாதிரிகளும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): இன்று பாலைவனமாக உள்ள சஹாரா, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை பெற்றுப் பசுமையாக இருந்தது என்கிறார்கள். மழைமானியே இல்லாத அந்தக் காலத்து மழையைக் கணினி எவ்வாறு கணக்கிடுகிறது?

பதில்: நாளைய வானிலையைக் கணிக்க உதவும் அதே இயற்பியல் சமன்பாடுகள்தாம் பழங்காலத்துக்கும் பயன்படுகின்றன. வளிமண்டலத்தையும் கடலையும் பக்கத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வாறு மாறுகின்றன என்று, இச்சமன்பாடுகளைக் கொண்ட கணினி நிரலான மாதிரி கணக்கிட்டுச் செல்லும். நாம் மாற்றிக் கொடுப்பவை புவியின் சுற்றுப்பாதை, கரியமில வாயுவின் அளவு, பனிப்படலங்களின் பரப்பு போன்றவையே. இன்று புவி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. 9,000 ஆண்டுகளுக்கு முன் இது ஜூலை இறுதியில் நிகழ்ந்தது, அச்சின் சாய்வும் சற்றுக் கூடுதலாக இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் குட்ஸ்பாக் 1981இல் இவ்விரண்டையும் ஓர் எளிய மாதிரியில் புகுத்தியபோது, ஜூலை மாதச் சூரிய ஆற்றல் சுமார் 7 விழுக்காடு கூடி, ஆப்பிரிக்க, ஆசியப் பருவக்காற்றுகள் வலுப்பெற்றன.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): அதற்குக் களச் சான்று உண்டா?

பதில்: ஏராளமாக உண்டு. அல்ஜீரியாவின் தாசிலி பாறைகளில் மாட்டு மந்தைகள் தீட்டப்பட்டுள்ளன. சாட் ஏரி அன்று 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தது. எனக்கு மிகவும் நம்பகமானதாகத் தோன்றுவது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கடலடியில் எடுத்த படிவுதான்: பாலைவனத் தூசியின் அளவு அதில் பசுமைக் காலத்து அடுக்கில் வெகுவாகக் குறைந்து, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் மீண்டும் உயர்கிறது.

கேள்வி: அப்படியானால் மாதிரிகள் சரியென்று கொள்ளலாமா?

பதில்: முழுமையாகக் கொள்ள இயலாது. 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைக் கணக்கிடும் மாதிரிகளில் பெரும்பாலானவை, சான்றுகள் காட்டும் அளவுக்கு மழையை வடக்கே கொண்டுசெல்வதில்லை. புல்வெளி மணலைவிடக் கருமையானது என்பதால் கூடுதல் வெப்பத்தை ஈர்த்து, மழையைக் கூட்டும். தூசி குறைந்தாலும் மழை மாறும். தாவரத்தையும் குறைந்த தூசியையும் நாமே உள்ளிட்டால் மழை வடக்கே நகர்கிறது. ஆயினும், அந்தத் தாவரத்தை மாதிரி தானாக வளர்த்துக் காட்டும்வரை எனக்கு நிறைவு ஏற்படாது.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): விடை தெரிந்திருப்பதால், அதற்கேற்ப மாதிரியைத் திருத்திவிட மாட்டார்களா?

பதில்: மாதிரிகளைப் பெரும்பாலும் அண்மைக்கால அளவீடுகளைக் கொண்டே சீர்செய்கிறார்கள், பழங்காலம், முன்கூட்டிக் காட்டாத தேர்வுத்தாளைப் போல ஒதுக்கி வைக்கப்படுகிறது. இதன் பயனுக்கு ஓர் உதாரணம்: இன்றைய காலநிலையை நன்றாகவே காட்டிய ஓர் அமெரிக்க மாதிரி, 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் புவி 10 பாகை செல்சியசுக்கும் மேல் குளிர்ந்ததாகக் காட்டியது. சான்றுகளின்படி அது ஏறத்தாழ 6 பாகையே. அதன்பின் ஆராய்ந்தபோது, மேகங்களைக் கணக்கிட்ட முறையில் குறை இருந்தது தெரியவந்தது. பழங்காலத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால், எதிர்கால வெப்பத்தையும் அது மிகைப்படுத்தியே சொல்லியிருக்கும்.

கேள்வி: புவி வெப்பமடைவதால் சஹாரா மீண்டும் பசுமையாகுமா?

பதில்: அன்று கூடியது கோடைக்கால வெயில் மட்டுமே, கரியமில வாயுவோ ஆண்டு முழுவதும், இரவிலும் குளிர்காலத்திலும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. காரணம் வேறாக இருப்பதால், அந்தக் காலத்தை எதிர்காலத்தின் முன்னோட்டமாகக் கொள்ளுதல் தவறு.