பார்க் சிட்டில வீடு எடுக்கலாமா – வைஃப் பயப்படுறாங்கன்னு கேட்டிருந்தீங்க

ப்ரோ, அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டால வேலை, பக்கத்துல இருக்கற பார்க் சிட்டில வீடு பிடிச்சுப்போச்சு, ஆனா தொடர் கொலைகாரன் டென்னிஸ் ரேடர் இருந்த ஊருன்னு தெரிஞ்சதும் வைஃப் வேணாங்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க பயம் நியாயம்தான், தயவுசெஞ்சு சிரிச்சு ஒதுக்கிடாதீங்க.

1974ல இருந்து 1991 வரைக்கும் 10 பேரைக் கொன்னவன், அதே ஊர்ல முனிசிபாலிட்டி ஆளா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உங்க வீட்டுப் புல்லு உயரமா வளந்துடுச்சு, நாயைக் கட்டிப் போடலன்னு வீடு வீடா நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தான், சர்ச் கவுன்சில் தலைவர் வேற, யாருக்குதான் சந்தேகம் வரும் சொல்லுங்க. டிவி ஸ்டேஷனுக்கு அவனே அனுப்புன ஃப்ளாப்பி டிஸ்க்ல அழிச்ச ஃபைல் ஒண்ணு, அதுல சர்ச் பேரும் டென்னிஸ்ங்கிற பேரும் அப்படியே கெடந்துச்சு, 2005 பிப்ரவரில பிடிச்சாங்க. 10 ஆயுள் தண்டனை, வெளிய வரவே முடியாது. அவன் வீட்டையும் 2007ல இடிச்சுட்டாங்க, அதனால அந்த வீட்டையே உங்க தலைல கட்டிடுவாங்களோன்னு கவலை வேணாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வைஃபைக் கூட்டிட்டுப் போய் நீங்க பார்த்த வீடு இருக்கற தெருவுல நடந்து, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசிப் பாருங்க. அப்பவும் அவங்களுக்கு மனசு ஒப்பலன்னா விட்டுடுங்க ப்ரோ, வேற வீடு கிடைக்கும். எடுக்கறதா இருந்தா பேஸ்மென்ட் (தரைக்குக் கீழ இருக்கற அறை) இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, கான்சாஸ்ல டோர்னடோ (சூறாவளிச் சுழல்காத்து) வரும், அப்ப அங்கதான் பதுங்கணும்.