படப்பிடிப்புக்கு நம் காரைக் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, என்னிடம் 2013இல் வாங்கிய பெரோடுவா மைவி 1.3 கார், ஆட்டோ கியர், இருக்கிறது. அக்காள் மகன் நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்கிறான். அதில் ஒரு ஹேண்ட்பிரேக் திருப்பமும், மேட்டில் ஏறி ஒரு தாவலும் வேண்டுமாம். "மாமா, படத்துல கார் பறந்து விழுந்து அப்படியே ஓடிப்போகுது, நம்ம காருக்கு மட்டும் என்ன ஆகிடும்?" என்கிறான். போன வாரம் ஒத்திகை என்று ஒரு மேட்டில் விட்டு எடுத்துவிட்டான். அன்றிலிருந்து இடது முன்பக்கம் டொக் டொக்கென்று சத்தம். காரைக் கொடுக்கலாமா?
- செந்தூல் வாசகர்

தாவலுக்குக் கொடுக்காதீர்கள். திருப்பத்துக்கு, நான் சொல்கிறபடி செய்தால், கொடுக்கலாம். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை இரண்டும் வேண்டாம்.

பையன் கேட்டது நல்ல கேள்வி. படத்தில் விழுந்த காரும் ஓடிப்போன காரும் ஒன்றல்ல. ஒரே நிறம், ஒரே நம்பர் பிளேட்டில் பல கார்களைத் தயாராக வைத்திருப்பார்கள். நடிகர் முகம் தெரிய ஒன்று, திருப்ப ஒன்று, தாவ ஒன்று. தாவிய கார் பெரும்பாலும் அந்த ஒரு ஷாட்டோடு சரி. 1979இல் தொடங்கிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' என்ற அமெரிக்கத் தொடருக்கு ஏறக்குறைய 300 டாட்ஜ் சார்ஜர் கார்கள் தேவைப்பட்டன. காரணம் அதில் வந்த தாவல்கள்தான்.

தாவலில் என்ன நடக்கிறது? இன்ஜின் முன்னால் இருப்பதால் கனமும் முன்னால்தான். முன்சக்கரம் மேட்டை விட்டதும் அதைத் தாங்க எதுவுமில்லை. பின்சக்கரமோ இன்னும் மேட்டின் மேலேயே இருக்கிறது. அந்த நொடியிலேயே மூக்கு கவிழத் தொடங்கிவிடும். அதனால்தான் ஸ்டண்ட் ஆட்கள் காரின் பின்பெட்டியில் மணல்மூட்டையோ கான்கிரீட்டோ ஏற்றிக் கட்டுகிறார்கள். கார் நேராகப் பறக்கும். ஆனால் விழும்போது அந்தக் கூடுதல் கனமும் சேர்ந்தே விழும்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மைவியின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. விழுந்த வேகம் முழுவதையும் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும், சுமார் 10 சென்டிமீட்டர் அசைவுக்குள் நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டால் சராசரியாகவே காரின் எடையைப் போல 11 மடங்கு, அதாவது பத்து டன் விசை. அதிர்வைத் தாங்கும் அந்த அப்சோர்பர் அடிவரை இறங்கி முட்டியதும் மிச்சம் நேராக பாடிக்குப் போகும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் வளையும், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் கிழியும், இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் தரையில் உரசும்.

ஒருமுறை படப்பிடிப்பு முடிந்து ஒரு வீரா கார் என் பட்டறைக்கு வந்தது. வெளியே பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். உரிமையாளர் நிம்மதியாக இருந்தார். போனெட்டைத் திறந்தேன். அப்சோர்பரின் தலை பாடியோடு சேரும் இடத்தில் மூன்று நட்டுகள் இருக்குமே, அவற்றைச் சுற்றியிருந்த பெயிண்ட் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது. அதன் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்தால் தட்டையாக உட்காரவில்லை, நடுவில் தகடு மேலே புடைத்திருந்தது. அதன் பிறகு எத்தனை தடவை அலைன்மென்ட் (சக்கரங்களின் திசையைச் சரிசெய்வது) பார்த்தும் அந்தக் கார் நேராக ஓடவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கார் உருளும் காட்சி இன்னொரு உலகம். 2006இல் வந்த 'கசினோ ராயல்' படத்துக்கு ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் காரைச் சாய்வு மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள், கவிழவில்லை. தாழ்வான கார், லேசில் சாயாது. கடைசியில் உள்ளே நைட்ரஜன் பீரங்கி பொருத்தி, ஓடும்போதே தரையை நோக்கி வெடிக்கவைத்தார்கள். ஏழு உருளல், கின்னஸ் சாதனை. 2024இல் வந்த 'தி ஃபால் கை' படத்துக்கு எட்டரை உருளல். உள்ளே இருந்தவர் உயிரோடு வந்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. காரின் தளத்தோடு வெல்டிங் செய்த இரும்புக் கூண்டு, தோளிலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டும் பெல்ட், அளவாக ஊற்றிய பெட்ரோல், எல்லாம் இருந்தது. உங்கள் மைவியில் இவற்றில் எதுவும் இல்லை.

சரி, ஹேண்ட்பிரேக் திருப்பம். முன்சக்கரம் இழுக்கும் கார் இதற்குத் தோதானது. ஸ்டண்ட் கார்களில் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் வைப்பார்கள். உங்களுடையது கேபிளில் பின் டிரம்மைப் பிடிப்பது. தரையைத் தண்ணீர் ஊற்றி நனைக்கச் சொல்லுங்கள், பின்னால் தேய்ந்த பழைய டயர் போடச் சொல்லுங்கள். அப்போது 30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே பின்பக்கம் சுழன்று வரும். வேகத்தைக் கேமரா கூட்டிக் காட்டிக்கொள்ளும். லீவரை இழுப்பதற்கு முன் கியர் நியூட்ரலுக்குப் போக வேண்டும். கார் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னோக்கிப் போகும் டி கியருக்குத் தள்ளும் வித்தையை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தீய்ந்துபோகும். கேபிள் தளர்வதும் டயர் ஒரே இடத்தில் தேய்வதும் சின்னச் செலவு. பக்கவாட்டில் போய் சாலைக்கரைக் கல்லில் இடித்தால் பின் ஆக்சிலே வளையும். ஆகவே சுற்றிலும் வெறும் திடல் இருக்க வேண்டும். கேட்டுப்பெற்ற தனியார் இடமாக இருக்கட்டும். பொதுச்சாலை என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்தால் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பாயும்.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். சாதாரணத் தனியார் கார் பாலிசி பந்தயத்துக்கும் வாடகைக்கும் ஓட்டுவதை ஒதுக்கிவைக்கிறது. காரைக் கொடுக்கும் முன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த டொக் டொக். முதலில் அலைன்மென்ட் கடைக்குப் போகாதீர்கள். அவர்கள் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி டயரின் திசையை நேராக்கிவிடுவார்கள், ஸ்டியரிங்கும் நேராகும், வளைந்த லோவர் ஆர்ம் உள்ளேயே இருக்கும். நேராகப் பட்டறைக்குப் போய் காரைத் தூக்கி இடது பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு), ஆர்ம் புஷ் (ஆர்மின் ரப்பர்), அப்சோர்பர் மேல் மவுண்டிங், மூன்றையும் கம்பி போட்டு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். அப்சோர்பர் தலையில் இருக்கும் மூன்று நட்டுகளைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று வீட்டிலேயே இன்றைக்குப் பார்த்துவிடலாம். வெடித்திருந்தால் காரை எடுக்காதீர்கள், லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.