காரின் பின்கண்ணாடி உடைந்தால் இன்சூரன்ஸில் பணம் வாங்க முடியுமா?

கேள்வி: இரவில் தெருவோரம் நிறுத்தியிருந்த என் காரின் பின்பக்கக் கண்ணாடி, காலையில் பார்த்தபோது முழுவதும் நொறுங்கிக் கிடந்தது. யார் உடைத்தார்கள், எப்படி உடைந்தது என்று தெரியவில்லை. உள்ளே எதுவும் திருடு போகவில்லை. சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, மழைக்குப் பயந்து பாலிதீன் ஷீட் ஒட்டிவைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னேன். "எஃப்.ஐ.ஆர். இல்லை, தாமதமாகச் சொல்லியிருக்கிறீர்கள், பார்வையிடும் முன்பே சுத்தம் செய்துவிட்டீர்கள்" என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பிலோ, கண்ணாடி மட்டும் உடைந்தால் கிளெய்ம் கிடையாது, கூடவே வேறு பாகமும் அடிபட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். வண்டி 1,197 சி.சி., நான்கு வயது. எஸ்டிமேட் 14,800 ரூபாய். இப்போதைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) 35 சதவீதம். அதைக் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் 8,000 ரூபாய். கிளெய்ம் கிடைக்குமா? கிடைத்தாலும் போடுவது லாபமா?

பதில்: கிடைக்கும். லாபமா என்பது தனிக் கணக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் பிரீமியம் அட்டவணையைப் பாருங்கள். அங்கே ஓன் டேமேஜ் என்று ஒரு தொகை இருந்தால்தான் மேற்கொண்டு பேசவே முடியும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 146-வது பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது மட்டும் எடுத்தவருக்குத் தன் வண்டிக் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. உங்களுக்கு ஓன் டேமேஜ் இருப்பது நீங்கள் எழுதியிருப்பதிலேயே தெரிகிறது.

ஒர்க்‌ஷாப் சொன்னது தவறு. இந்தியாவில் தனியார் கார்களுக்கான ஓன் டேமேஜ் பாலிசி வாசகம் எல்லாக் கம்பெனிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃபிலிருந்து வந்தது. தீ, திருட்டு, கலவரம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, வெளியிலிருந்து நேரும் விபத்து, பிறர் வேண்டுமென்றே செய்யும் நாசவேலை எல்லாம் அதில் அடங்கும். "கூடவே வண்டியும் சேதமாகியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனை அந்த வாசகத்தில் இருக்கிறது; ஆனால் அது டயருக்கும் டியூபுக்கும் போட்டது. டயர் மட்டும் வெடித்தால் கிளெய்ம் இல்லை. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் புது டயர் விலையில் பாதி. இந்த நிபந்தனையைத்தான் கண்ணாடிக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். கண்ணாடிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒர்க்‌ஷாப் பேச்சைக் கேட்டு பம்பரிலும் ஒரு கீறல் காட்டலாமே என்று மட்டும் போய்விடாதீர்கள். கிளெய்மில் ஒரு பொய் கலந்தால் உண்மையான பகுதியும் சேர்ந்து போய்விடும். ஏமாற்று வழக்குக்கும் அதுவே ஆதாரமாகும்.

இனி கம்பெனி சொல்லும் மூன்று காரணங்கள்.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் அவர்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு. திருட்டோ வேறு குற்றச் செயலோ நடந்தால் உடனே போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்று பாலிசியின் முதல் நிபந்தனை சொல்கிறது. அது கேட்பது தகவல், எஃப்.ஐ.ஆர். அல்ல. இந்த வித்தியாசம் முக்கியம். பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் வருகிறது. அதில் உங்கள் கண்ணாடி அளவிலான சிறு சேதம், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை. எனவே ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் அது உங்கள் குற்றமும் அல்ல, அவர்கள் குற்றமும் அல்ல. புகாரை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்குங்கள்; அது போதும். இதுவரை கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள். உள்ளிருந்து விலையுள்ள பொருள் திருடு போயிருந்தால் கதை வேறு: திருட்டு வழக்காகி எஃப்.ஐ.ஆர். வரை போகும். ஆனால் அப்போதும் காருக்குள் இருந்த பை, லேப்டாப் போன்றவற்றுக்கு கார் பாலிசியில் பணம் வராது. அது வண்டியையும் அதன் பொருத்துப்பாகங்களையும் மட்டுமே காக்கும்.

புகாரிலும் கிளெய்ம் படிவத்திலும் ஒரே வாசகம் இருக்கட்டும். "இத்தனாம் தேதி இரவு இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நிறுத்தினேன், மறுநாள் காலை இத்தனை மணிக்குப் பார்த்தபோது பின்கண்ணாடி உடைந்திருந்தது, உடைத்தவர் யார், எதனால் உடைந்தது என்று தெரியாது." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். இந்த வகை கிளெய்ம்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கால் சென்டரில் "கல் பட்டிருக்கும்" என்பார்கள், படிவத்தில் "மர்ம நபர்கள் உடைத்தனர்" என்பார்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் "மரக்கிளை விழுந்திருக்கலாம்" என்பார்கள். மூன்று வாக்குமூலம் மூன்று விதமாக இருந்தால் நிராகரிக்க வேறு காரணமே தேவையில்லை. காரணம் தெரியாது என்று சொல்வதால் கிளெய்ம் விழாது. நின்றிருந்த வண்டியின் கண்ணாடி நொறுங்குவது விபத்தாக இருக்கலாம், நாசவேலையாக இருக்கலாம். இரண்டுமே பாலிசிக்குள் வருபவை. தேய்மானமும் மின்பழுதும்தான் வராது. உதாரணமாக, கண்ணாடி முழுசாக இருந்து அதிலுள்ள டீஃபாகர் (பனிமூட்டம் நீக்கும்) கம்பிகள் மட்டும் வேலை செய்யாமல் போனால் கிளெய்ம் இல்லை. கண்ணாடியோடு சேர்ந்து போனால் புதுக் கண்ணாடியிலேயே கம்பியும் வந்துவிடும்.

மூன்று நாள் தாமதம் பெரிய விஷயம் அல்ல. தகவல் தரத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெய்ம்களை இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வண்டியே திருடு போன வழக்கில், போலீசுக்கு உடனே சொல்லிவிட்டு கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னவரின் கிளெய்மை அதற்காக மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் போலீசுக்கு உடனே சொன்னதுதான் அவரைக் காப்பாற்றியது என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு அந்தப் பலம் இன்னும் இல்லை. ஆகவே தாமதத்துக்கான காரணத்தை உள்ளது உள்ளபடி இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள்.

சுத்தம் செய்தது தவறே அல்ல, பாலிசி கேட்டதே அதைத்தான். வண்டிக்கு மேலும் சேதம் வராமல் காக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. திறந்தபடி விட்டு மழைநீர் புகுந்து சீட்டும் வயரிங்கும் கெட்டிருந்தால், அந்தச் சேதத்துக்கு உங்கள் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லித் தட்டிக்கழித்திருப்பார்கள். தவறாகியிருக்கக்கூடியது ஒன்றுதான்: சர்வே முடியும் முன் புதுக் கண்ணாடி மாட்டிவிடுவது. அதை நீங்கள் செய்யவில்லை, இனியும் செய்யாதீர்கள்.

சான்று இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. விரிசல் விட்டாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் சூடாக்கிக் குளிர்வித்த டஃபண்டு வகை. உடைந்தால் கல்கண்டுத் தூளாக உதிரும். அதனால்தான் அதில் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். உதிர்ந்தாலும் ஃபிரேமைச் சுற்றி பாலியூரிதேன் பசையில் கடித்துக்கொண்டு ஒரு விளிம்பு நிற்கும். ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கைப் பிய்க்காமல், அந்த விளிம்பைச் சுரண்டாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். டிக்கியின் இடுக்கிலும் பின்சீட்டு மடிப்பிலும் சில்லுகள் கிடக்கும். ஒரு பிடி எடுத்துக் கவரில் போட்டு வையுங்கள். ஓரத்தில் கம்பெனி முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரக் குறியும் உள்ள துண்டு கிடைத்தால் நல்லது. நம்பர் பிளேட்டும் உடைந்த இடமும் ஒரே படத்தில் வருகிறாற்போல் ஒன்று கட்டாயம். தெருவில் கேமரா இருந்தால் பதிவை உடனே கேளுங்கள், சில நாளில் அழிந்துவிடும்.

உங்கள் கிளெய்ம் 50,000 ரூபாய்க்குக் கீழே என்பதால் உரிமம் பெற்ற சர்வேயர் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கம்பெனி ஆளோ, செயலியில் நீங்கள் எடுத்து அனுப்பும் வீடியோவோ போதும். சர்வேயரை நியமித்தால் 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.வின் 2024 ஜூன் சுற்றறிக்கை. ஆவணம் குறைகிறது என்று சொல்லி கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.

இனி பணம். பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும். கண்ணாடிக்குத் தேய்மானம் பூஜ்யம். வண்டிக்கு நான்கு வயதானாலும் பத்து வயதானாலும் இதுதான். உங்கள் எஸ்டிமேட்டில் கண்ணாடி 11,600, பீடிங்கும் கிளிப்பும் 1,200, பசை 600, கூலி 1,400 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பீடிங், கிளிப்பில் 600 கழியும். 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். அதற்கு மேல் என்றால் 2,000. ஆக உங்கள் கைக்கு 13,200 வர வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று தன்னிச்சைப் பிடித்தம் எடுத்திருந்தால் அதையும் கழியுங்கள். 15,000 எடுத்திருந்தால் இந்தக் கிளெய்மில் ஒன்றுமே மிஞ்சாது. பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத துணைக்காப்பு) இருக்கிறதே என்று மகிழ வேண்டாம்: இங்கே அது மிச்சப்படுத்துவது அந்த 600-ஐ மட்டும்தான். வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று அதில் வரம்பு இருந்தால், ஒன்றை இதற்குச் செலவழித்துவிடுவீர்கள்.

போனஸ் கணக்கு இது. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் 45 சதவீதம், அதன் பிறகு 50. போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். 8,000 ரூபாய் பிரீமியத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது முதல் வருடம் 3,600, அடுத்து 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 9,600, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,328. வண்டியின் மதிப்பு வருடா வருடம் குறைவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். 13,200 கையில் வாங்கி, ஐந்து வருடத்தில் 11,000 சொச்சம் திருப்பிக் கட்டுகிறீர்கள். லாபம் உண்டு, பெரிதல்ல. வெளியே தரமான கண்ணாடி பத்தாயிரத்துக்குள் மாட்ட முடிந்தால் கிளெய்ம் போடாமல் விடுவதே என் யோசனை. இந்தப் பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் வாங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்; போனஸ் போனது போனதுதான், இதையும் வாங்குங்கள். போனஸ் பாதுகாப்பு துணைக்காப்பு எடுத்திருந்தாலும் அப்படியே. இன்னொன்று, போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றாலும் சான்றிதழ் வாங்கிப் புதுக் காருக்கு மாற்றலாம். ஆகவே "அடுத்த வருடம் விற்கப்போகிறேன், போனால் போகட்டும்" என்று கணக்குப் போடாதீர்கள்.

கிளெய்ம் வேண்டாம் என்று முடிவெடுத்தால், பணம் வழங்கும் முன்பே எழுத்தில் வாபஸ் வாங்கி, "தொகை எதுவும் வழங்கப்படவில்லை" என்று பதில் பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் புதுப்பிக்கப் போனால் பதிவில் திறந்த கிளெய்ம் கிடக்கும். கிளெய்ம் வாங்கிவிட்டு வேறு கம்பெனியில் போனஸ் இருப்பதாக எழுதிக் கொடுப்பது அதைவிட மோசம். அடுத்த பெரிய விபத்தில் அது தெரிந்து எல்லாமே நின்றுபோகும்.

உடைத்தவர் பின்னால் தெரியவந்தால் அவசரப்பட்டு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனி உங்களுக்குப் பணம் தந்தால், உடைத்தவரிடம் வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போகிறது. அதை நீங்கள் கெடுத்துவிட்டால் அதையே காரணம் காட்டுவார்கள். பிடித்தமாகப் போன தொகையை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கலாம். வேறொரு வாகனம் மோதியதுதான் காரணம் என்றால் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் அந்த வாகனத்தின் காப்பீட்டுக் கம்பெனி மீது மனு போடலாம். கெடு ஆறு மாதம். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு அந்த வழி நீளம்.

கம்பெனி மறுத்தால் போனில் வாதாடாதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கேட்டு, குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஐ.ஆர்.டி.ஏ.வின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். இந்த அளவு தொகைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நுகர்வோர் ஆணையம் அடுத்தது: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கெடு இரண்டு ஆண்டு. ஆனால் நுகர்வோர் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே விஷயத்தை எடுக்க மாட்டார், வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

குறைத்துத் தொகை தந்து, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆன்லைனில் அதற்கு இடமில்லை என்றால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வற்புறுத்தி வாங்கிய வவுச்சர், மீதித் தொகைக்கு வழக்குப் போடுவதைத் தடுக்காது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தினார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். அந்த மின்னஞ்சல் அதற்குத்தான்.

புதுக் கண்ணாடி மாட்டும்போது கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லாதீர்கள். பின்கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. பழைய ஃபிலிமுக்கான தொகையை எஸ்டிமேட்டில் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.