தெருவிளக்குக்குத் தாசில்தாரைக் கேட்கலாமா?

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. தெருவிளக்கு எரியவில்லை, சாலை பெயர்ந்து கிடக்கிறது, மகளுக்குப் பழங்குடிச் சான்றிதழும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். "இதெல்லாம் எங்களுடையது இல்லை" என்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: சான்றிதழ் மட்டும் அவர்கள் பக்கத்து வேலை. மற்ற இரண்டையும் சேர்த்து எழுதியதால் மொத்த மனுவும் திரும்பிவிட்டது.

வருவாய்த்துறை ஒரு வரிசை: விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், கோட்டாட்சியர். பட்டா, சான்றிதழ் எல்லாம் இங்கே. ஊரக வளர்ச்சித்துறை வேறு வரிசை: ஊராட்சிச் செயலர், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்). விளக்கு, குடிநீர், ஊர்ச்சாலை அங்கே. இரண்டுக்கும் மேலே கலெக்டர் ஒருவரே என்பதால் கீழேயும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். போதாததற்கு வருவாய்த்துறையின் வட்டம் (தாலுகா), ஊரக வளர்ச்சித்துறையின் ஒன்றியம் இரண்டுக்குமே பெயர் ஏற்காடுதான்!

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பழங்குடிச் சான்றில் கையெழுத்திடுபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர்.

விளக்கு ஊராட்சியின் கடமை. 1994 ஊராட்சிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பல்பு போயிருந்தால் செயலரிடம் சொல்லுங்கள். கம்பி அறுந்திருந்தால் மின்வாரியம்.

சாலைதான் வில்லங்கம். மலைக்கு ஏறிவரும் கொண்டை ஊசிச் சாலை நெடுஞ்சாலைத்துறையுடையது. உங்கள் ஊர்ச்சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா என்று முதலில் கேளுங்கள். ஏனென்றால் ஒன்றிய அலுவலகத்தில் பிடிஓ இரண்டு பேர்: ஒருவர் கிராம ஊராட்சிக்கு, மற்றவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு. ஆள் மாறினால் மனு அங்கேயே சுற்றும். சாலை காப்புக்காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதியும் வேண்டும், அதற்கு நாளாகும்.

'ஊராட்சித் தலைவரைப் பார்' என்று சிலர் சொல்வார்கள். 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன்பின் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். தேர்தல் நடந்து புதியவர்கள் வரும்வரை அவரே பொறுப்பு. அதற்காகக் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. சாலையை அங்கே தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்குங்கள். வெறும் மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இத்தனைக்கும் அசையவில்லையா? சரி, திங்கள்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மூன்றுக்கும் தனித்தனி மனு, ஒவ்வொன்றோடும் முன்பு மனு கொடுத்ததற்கான ரசீது நகல்.